பழைய இரும்பில் களைகிண்டி: வெல்டிங் தெரியாத தோட்டக்காரர் தொடங்க ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் களை பிடுங்க ஆள் கிடைக்காத ஒரு தை மாதத்தில்தான் எனக்கு இந்த வேலை தொடங்கியது. சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு போகிற களைகிண்டி ஒன்றை நானே செய்யலாம் என்று நினைத்தேன். முதலில் வெல்டிங் பிளான்ட் வாங்கினேன், பிறகு இரும்பு தேடினேன், கடைசியில்தான் தோட்டத்தை அளந்தேன். இந்த வரிசை முழுக்கப் பிழை. முதல் கருவி மூன்றாம் நாளே களை வெட்டும் அலகு வெடித்து இரண்டாகப் போனது. இரண்டாவது, செடி படர்ந்தபின் வரிசைக்குள் நுழையவே இல்லை. மூன்றாவதுதான் இன்றும் ஓடுகிறது. அந்த இரண்டு போகத்து அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே உள்ள அளவுகள் மிளகாய், நிலக்கடலை, சோளம், கத்தரி போன்ற அகன்ற வரிசைப் பயிர்களுக்கானவை. சின்ன வெங்காயத்தை 10 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நடுகிறோம்; அதற்குள் எந்தச் சக்கரமும் போகாது. வெங்காயத்துக்குக் கைதான்.

1. முதலில் தோட்டத்தை அளவுங்கள்

ஒரு நாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று அளவு வேண்டும்: வரிசைக்கும் வரிசைக்கும் இடையே எவ்வளவு, பயிர் நன்றாகப் படர்ந்த பின் நடுவில் மிஞ்சும் இடம் எவ்வளவு, உங்கள் கொப்பூழ் உயரம் எவ்வளவு.

மிளகாய்க்கு விவசாயத் திணைக்களம் சொல்லும் வரிசை இடைவெளி 60 செ.மீ. அதற்கு 60 செ.மீ. அலகு போடக்கூடாது. செடிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் விட வேண்டும், வேர் அங்கேதான் பக்கவாட்டில் ஓடுகிறது. ஆக அலகின் அகலம் 20 செ.மீ. போதும். நான் இரண்டாவது கருவிக்கு 35 செ.மீ. வைத்தேன். நட்டு மூன்று கிழமை வரை நன்றாக ஓடியது, பிறகு கிளையெல்லாம் முறித்தது.

கொப்பூழ் உயரம் கைப்பிடிக்கு. தள்ளும்போது முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். எனக்கு 95 செ.மீ. சரியாக வந்தது. வீட்டில் இரண்டு பேர் மாறி மாறித் தள்ளுவதென்றால் கைப்பிடியை ஏற்றி இறக்க இரண்டு மூன்று துளை அதிகமாகப் போட்டு வையுங்கள்.

உங்கள் ஊரின் விவசாயப் போதனாசிரியரிடம் ஒருமுறை பேசுங்கள். 1920 என்ற விவசாய ஆலோசனை இலக்கத்துக்கும் அழைக்கலாம். இடைவெளியை இரண்டு அங்குலம் கூட்டினால் கருவி போகும் என்றால், அதை நடுவதற்கு முன்னரே முடிவு செய்ய வேண்டும்.

2. காலத்தைத் திட்டமிடுங்கள்

ஆவணி, புரட்டாதி இதற்குச் சரியான மாதங்கள். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் திறந்த வெளியில் ஒட்டுவேலை, அதாவது வெல்டிங், செய்ய முடியாது, ரொட்டும் (ஒட்டுவதற்கு எரிக்கும் பூச்சுக் கம்பி) ஈரம் பிடிக்கும், நீங்களும் தோட்டத்தை விட்டு அசைய முடியாது.

ஆனால் அந்த மாதங்களில் சோளகக் காற்று இருக்கும். இரும்பு வெட்டும் கிரைண்டரின் தீப்பொறி காற்றில் பல அடி தூரம் போகும். எங்கள் வேலி கிடுகு, கொட்டில் கூரை பனையோலை. ஒரு நாள் பின்னேரம் வேலியடியில் புகை வந்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் கண்டது. அதிகாலையில் காற்று எழும்ப முன் வெட்டு வேலைகளை முடியுங்கள். இரண்டு வாளி தண்ணீரும் ஒரு ஈரச் சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து அரை மணித்தியாலம் அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள், ஓலைக்குள் புகுந்த பொறி உடனே எரியாது.

புதியவருக்கு மொத்தமாக மூன்று கிழமை ஒதுக்கினால் அவசரம் இல்லை. இரும்பு சேர்க்க ஒரு கிழமை, பயிற்சி ஒட்டுக்கு ஒரு கிழமை, கருவி செய்ய மூன்று நான்கு நாள், மிச்சம் தோட்டத்தில் ஓட்டித் திருத்த.

3. பழைய இரும்பு வாங்கும்போது

தேவையானவை இவைதான்:

சிறுவர் சைக்கிளின் 20 அங்குல முன் சில்லு ஒன்று, அச்சோடு.
25 மி.மீ. எல் அயன் (L வடிவ இரும்பு), 3 மி.மீ. தடிப்பில், ஏறத்தாழ 3 மீற்றர்.
40 மி.மீ. அகலப் பட்டை இரும்பு, 8 மி.மீ. தடிப்பில், அரை மீற்றர்.
முக்கால் அங்குல இரும்புக் குழாய், 120 செ.மீ. நீளத்தில் இரண்டு.
சிறிய வாகனத்தின் ஸ்பிரிங் பட்டை ஒன்று. லொறிப் பட்டை வேண்டாம், தடிப்பு அதிகம், பாரமும் அதிகம்.
10 மி.மீ. போல்ட் நட் ஒரு டசின்.

28 அங்குலப் பெரிய சில்லுக்கு ஆசைப்பட வேண்டாம். சில்லு பெரிதானால் நீங்கள் தள்ளும் விசை அலகுக்குப் போகாமல் சில்லை உருட்டுவதிலேயே முடிகிறது, அலகு மண்ணின் மேலாகச் சறுக்கிக்கொண்டு வரும்.

சைக்கிள் சட்டத்தை வெட்டி ஒட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். குழாய் மிக மெல்லியது, புதியவர் கை பட்டவுடன் ஓட்டை விழும். பழைய ராலி, லுமாலா போன்றவற்றின் மூட்டுக்கள் பித்தளையால் பற்றவைத்தவை. பித்தளை கலந்த இடத்தில் இரும்பு ஒட்டு பிடிக்காது, பிடித்தாலும் வெடிக்கும். சில்லை மட்டும் எடுங்கள்.

பழைய இரும்பு கிலோக் கணக்கில்தான் விற்பார்கள். தராசை நம்பிப் போகாமல் முதலே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். அகலத்தையும் தடிப்பையும் மில்லிமீற்றரில் பெருக்கி, அதை 0.00785 ஆல் பெருக்கினால் ஒரு மீற்றரின் எடை கிலோவில் வரும். 40 க்கு 8 பட்டை மீற்றருக்கு இரண்டரைக் கிலோ. 25 மி.மீ. எல் அயன் மீற்றருக்கு 1.1 கிலோ. கறள் தின்று மெலிந்த இரும்பை இந்தக் கணக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்குங்கள். திகதி, எடை, என்ன பொருள், விற்றவர் பெயர் இவ்வளவும் கையால் எழுதியதானாலும் போதும். இரும்பை ஏற்றிக்கொண்டு வரும்போது வழியில் பொலிஸார் மறித்துக் கேட்டால் அந்தத் துண்டும் உங்கள் அடையாள அட்டையும்தான் பேசும். களவுப் பொருளை அறிந்து வாங்குவதும் குற்றம். தண்டவாளத் துண்டு, மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, வீதிப் பெயர்ப்பலகை, பாலத்துக் கம்பி, சேசி இலக்கம் பொறித்த வாகனத் துண்டு, இவற்றில் எதையும் தொடாதீர்கள். தண்டவாளம் நல்ல பட்டடைக்கல் ஆகும் என்பது உண்மை. அதற்காகப் பொலிஸ் நிலையம் ஏற வேண்டியதில்லை.

இனிச் சொல்வதைத் தயவு செய்து பாய்ந்து போகாமல் வாசியுங்கள். எங்கள் மண்ணில் பழைய இரும்புக் குவியலுக்குள் யுத்தகாலப் பொருட்கள் இன்னமும் வருகின்றன. மண்ணும் கறளும் மூடிய உருளை, வால் இதழ் உள்ள குழாய், மூடி இறுகிய சிறு பேணி, எதுவாக இருந்தாலும் என்னவென்று உறுதியாகத் தெரியாத பொருளை எடுக்க வேண்டாம், தட்ட வேண்டாம், கிரைண்டர் வைக்க வேண்டாம். 'வெறும் கோதுதான்' என்று விற்பவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். விலகி நின்று 119 க்கு அழையுங்கள், அல்லது கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

வாகனங்களின் ஷொக் அப்சோபர், காஸ் சிலிண்டர், எரிபொருள் இருந்த பீப்பாய், இவையும் அப்படித்தான். பீப்பாய் பல வருடம் வெறுமையாகக் கிடந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், வெட்டினால் வெடிக்கும். கழுவினால் சரி என்பது பலரைக் காயப்படுத்திய நம்பிக்கை.

4. எந்த இரும்பு ஒட்டும், எது ஒட்டாது

என் முதல் கருவி உடைந்த காரணம் இதற்குள் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிரைண்டரில் ஒரு மூலையை மெல்லத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். நீளமாக, நேராக, நுனியில் பெரிதாகப் பூக்காமல் ஓடினால் அது சாதாரண மெது இரும்பு. எல் அயன், பட்டை, கேடர் எல்லாம் இந்த வகை. பயமில்லாமல் ஒட்டலாம். பொறி ஓடி நுனியில் பூவாணம் மாதிரிக் கிளை கிளையாக வெடித்தால் கரி கூடிய உருக்கு. ஸ்பிரிங் பட்டை, அரம், பெயரிங் இவை அப்படி. பொறி குறுகி, மங்கிய சிவப்பாகச் சக்கரத்தடியிலேயே அணைந்தால் வார்ப்பிரும்பு. பழைய நீரிறைக்கும் இயந்திர உடல்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதைச் சாதாரண ரொட்டால் ஒட்ட முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஸ்பிரிங் பட்டை அலகுக்கு மிக நல்ல உருக்கு, தேயாது. ஆனால் அதை நேரடியாகப் பட்டை இரும்போடு ஒட்டினால், ஒட்டு நன்றாகத்தான் தெரியும். ஒட்டுக்குப் பக்கத்தில் சூடாகிச் சட்டென்று ஆறிய பகுதி கண்ணாடி போல் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். எங்கள் செம்மண்ணுக்குள் சுண்ணாம்புக்கல் துண்டு எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கல்லில் இடித்தது, அவ்வளவுதான். ஒட்டு உடையவில்லை, அதன் ஓரத்தில் அலகு நேர்கோடாக வெடித்தது.

உடைந்த துண்டை எங்கள் ஊர்க் கொல்லர் பட்டறைக்குக் கொண்டு போனேன். அந்த ஐயா திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, இதை ஒட்டாதை. துளை போட்டுப் போல்ட்டால இறுக்கு. தேஞ்சா கழட்டி வேற போடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் கருவி சரியாகிவிட்டது.

ஸ்பிரிங் பட்டையில் துளை போடுவதுதான் கஷ்டம், டிரில் அலகு வழுக்கும். அதற்கும் கொல்லர்தான் வழி. சிரட்டைக்கரி உலையில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஓரிரவு மெல்ல ஆற விட்டால் துளை போடும் அளவுக்கு மெதுவாகிவிடும். துளை போட்டு, விளிம்பைத் தீட்டி, திரும்பவும் அவரிடமே கொடுத்துக் காய்ச்சித் தோய்த்து எடுங்கள். இரண்டு முறை போக வேண்டும், ஆகவே முதல் நாளே அவரிடம் நாள் கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாக் காலத்தில் பட்டறை பூட்டியிருக்கும்.

5. பிளான்டும் வீட்டு மின்சாரமும்

செப்புச் சுருள் உள்ள பழைய பெரிய பிளான்ட் மலிவாகக் கிடைக்கும். வேண்டாம். வீட்டு மின்னை அது இழுக்கும் இழுவையில் அயல் வீட்டு மின்குமிழும் மங்கும். இன்வேட்டர் பிளான்ட் ஏழெட்டுக் கிலோதான், தோளில் கொழுவிக்கொண்டு போகலாம், மின்னும் குறைவாக எடுக்கும். பெட்டியில் 250, 300 அம்பியர் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்க வேண்டாம். உங்களுக்குத் தேவை 60 முதல் 120 அம்பியர் வரை தடுமாறாமல் தருவது. கடையிலேயே ஒரு ரொட் எரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கணக்கு இப்படி: 2.5 மி.மீ. ரொட்டை 75 அம்பியரில் எரிக்கும்போது சாதாரண இன்வேட்டர் பிளான்ட் சுவரிலிருந்து 12, 13 அம்பியர் அளவு எடுக்கும். 13 அம்பியர் சதுரப் பிளக்கின் எல்லை அது. 3.2 மி.மீ. ரொட்டுக்கு 110 அம்பியர் வைத்தால் 20 ஐ நெருங்கும், பிளக் உருகும். ஆகவே வீட்டில் 2.5 மி.மீ. ரொட்டோடு நில்லுங்கள். இந்தக் கருவிக்கு அது தாராளம்.

நீட்டு வயர் 2.5 சதுர மி.மீ. செப்புக்குக் குறையக்கூடாது. சுருட்டி வைத்தபடி பாவித்தால் சூடேறி உருகும், முழுதாக விரித்துவிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எர்த் இல்லாத பழைய வீட்டுப் பிளக்கில் ஒருநாளும் கொழுவ வேண்டாம், ஒரு மின்னியலாளரைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிபாருங்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். தோட்டத்தில் செருப்போடு வேலை செய்து பழகாத எங்களுக்கு இது பெரிய மாற்றம்தான், ஆனாலும் சப்பாத்து போட்டே ஆக வேண்டும்.

மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். முழுக் கருவிக்கும் 35 ரொட் எரித்தால் மொத்தம் முக்கால் மணித்தியாலத்துக்குள்தான் நெருப்பு எரிகிறது, இரண்டு யூனிட் மின்கூட ஆகாது.

6. கண், மூச்சு, கை

தானாக இருளும் ஹெல்மெட் வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடித் தரம் 10 அல்லது 11 இருக்க வேண்டும். வெயில் கண்ணாடியோடு ஒட்டுவதைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள், அதைப் பின்பற்றாதீர்கள். வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. நடுச்சாமத்தில் மண் அள்ளிப் போட்ட மாதிரிக் கண் எரியும். அப்போது நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், உருளைக்கிழங்குத் துண்டு என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் கண்ணில் விட வேண்டாம், கசக்கவும் வேண்டாம், காலையில் ஆசுப்பத்திரிக்குப் போங்கள். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலே விரட்டுங்கள், அல்லது ஒரு சாக்குத் திரை கட்டுங்கள்.

நாகம் பூசிய குழாய், அதாவது கல்வனைஸ் குழாய், ஒட்டும்போது வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் இரவு குளிரும் காய்ச்சலும் வரும், ஓரிரு நாளில் போகும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பால் நுரையீரலுக்குப் போவதில்லை. ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் பூச்சைத் தீட்டி எடுங்கள், காற்று முதுகிலிருந்து அடிக்கும்படி நில்லுங்கள். நான் கைப்பிடிக் குழாய்களை ஒட்டவே இல்லை. நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கித் துளை போட்டு இறுக்கினேன்.

கிரைண்டரின் காவல் தகட்டைக் கழற்றாதீர்கள். வெட்டும் சக்கரத்தைச் சரித்து அழுத்தினால் உடைந்து முகத்துக்கு வரும். கையுறை தோலால் ஆனது, சட்டை பருத்தி. நைலோன் துணி பொறி பட்டால் தோலோடு ஒட்டும். பெரிய காயம் என்றால் 1990 அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கத்தைக் கொட்டில் சுவரில் எழுதி வையுங்கள்.

7. ஒரு கிலோ ரொட்டைப் பயிற்சிக்கே எரியுங்கள்

6013 என்று எழுதிய ரொட் வாங்குங்கள், புதியவருக்கு இதுதான் இணங்கும். 2.5 மி.மீ. தடிப்பில் ஒரு கிலோவில் ஏறத்தாழ 50 இருக்கும். பக்கற்றை உடைத்தபின் மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். கடல் காற்று எங்கும் அடிக்கிற ஊர் இது, வெளியில் கிடந்தால் பூச்சு ஈரம் பிடித்து ஒட்டில் குமிழ் குமிழாய் ஓட்டை விழும்.

ஒட்டப் போகும் இடம் வெள்ளியாக மின்னும் வரை தீட்டுங்கள். கறள், பெயின்ற், கிறீஸ் எதுவும் இருக்கக்கூடாது. பழைய இரும்பில் வேலையின் பாதி இதுதான். எண்ணெய் பிசுபிசுப்பைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி வெயிலில் காய விடுங்கள். பிரேக் கிளீனர் அடித்துவிட்டு ஒட்டாதீர்கள், அதில் சில வகை நெருப்புப் பட்டால் நச்சு வாயுவாகும்.

பிளான்டிலிருந்து வரும் எர்த் கவ்வியை ஒட்டும் துண்டிலேயே, தீட்டிய இடத்தில் கொழுவுங்கள். 75 அம்பியரில் தொடங்குங்கள். ரொட்டைத் தீக்குச்சி உரசுவது போல் உரசி, உடனே ரொட்டின் தடிப்பளவு மட்டும் தூக்குங்கள். ஒட்டிக்கொண்டால் முறுக்கி இழுங்கள். வரவில்லை என்றால் பிடியைக் கழற்றுங்கள். ரொட்டைச் சற்றே சரித்து, உங்களை நோக்கி இழுத்துக்கொண்டு வாருங்கள். காதையும் பாவியுங்கள். மோர்மிளகாய் பொரிவது போல் ஒரே சீராகப் பொரிந்தால் சரி. படபடவென்று வெடித்தால் தூரம் கூடிவிட்டது.

நெருப்பின் வெளிச்சத்தைப் பார்க்காமல் அதற்குப் பின்னால் உருகி நிற்கும் சிறு குளத்தைப் பார்க்கப் பழக எனக்கு நான்கு நாள் எடுத்தது. அது பிடிபட்ட நாளிலிருந்து கை தானாக வந்தது.

சோதனை செய்யாமல் கருவிக்குப் போக வேண்டாம். இரண்டு துண்டு எல் அயனை ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் எதிர்ப்பக்கம் மடியுங்கள். இரும்பு வளைந்து ஒட்டு நின்றால் தேறிவிட்டீர்கள். ஒட்டு கழன்று உள்ளே பளபளவென்று பழைய விளிம்பு தெரிந்தால் இரும்பு உருகவே இல்லை, மேலே பூசியிருக்கிறீர்கள். ஐந்து அம்பியர் கூட்டி, மெதுவாக இழுங்கள்.

8. கருவியைக் கட்டுங்கள்

எல் அயனில் 70 செ.மீ. நீளத்தில் இரண்டு கை வெட்டுங்கள். ஒரு நுனியில் சில்லின் அச்சு நுழையும் துளை. இரண்டு கையும் சில்லுக்கு இரண்டு பக்கமாகப் பின்னோக்கிப் போகும். அச்சிலிருந்து 40 செ.மீ. பின்னால் 30 செ.மீ. குறுக்குச் சட்டம் ஒன்று. சில்லு உரசாமல் ரயருக்குப் பின் நான்கு விரல் இடம் இருக்க வேண்டும். கைகளின் பின் நுனியில் இன்னொரு சிறு குறுக்கு. இந்த நான்கு மூட்டும்தான் முக்கியமான ஒட்டுக்கள்.

எந்த மூட்டையும் முதலில் முழுதாக ஒட்டாதீர்கள். எல்லா மூட்டிலும் சின்னப் பொட்டு வைத்து நிறுத்தி, சில்லை மாட்டி, தரையில் வைத்து, இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளந்து பாருங்கள். பிறகு ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஆறும் ஒட்டு இரும்பை இழுக்கும். ஒரே பக்கமாய் ஒட்டிக்கொண்டு போனால் சட்டம் கோணி, கருவி எப்போதும் ஒரு பக்கமாய் ஓடும்.

8 மி.மீ. பட்டையில் 40 செ.மீ. துண்டு அலகின் தண்டு. அதில் இரண்டரைச் செ.மீ.க்கு ஒன்றாக ஐந்தாறு துளை போட்டு, முன் குறுக்குச் சட்டத்தோடு இரண்டு போல்ட்டால் இறுக்குங்கள். துளை மாற்றினால் ஆழம் மாறும். தண்டின் கீழ் நுனியை 6 செ.மீ. அளவில் பாதம் போல் மடக்க வேண்டும், அதற்கும் கொல்லர் உலை நல்லது. அந்தப் பாதத்தில் ஸ்பிரிங் பட்டை அலகு இரண்டு தட்டைத்தலை போல்ட்டால் பூட்டப்படும். அலகின் முன் விளிம்பு தரையை நோக்கி 15 முதல் 20 பாகை சரிந்திருக்கட்டும். குறைந்தால் மேலே மிதக்கும், கூடினால் மண்ணைக் குத்திக்கொண்டு நிற்கும். அலகின் கூர் விளிம்பை மேற்பக்கத்தில் தீட்டுங்கள், அடிப்பக்கம் தட்டையாக இருக்கட்டும்.

கைப்பிடிக் குழாய் இரண்டும் தனித்தனியாக, உங்கள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் வரும்படி விரிந்து போக வேண்டும். இரண்டையும் பின்னால் சேர்த்துக் குறுக்குப் பிடி ஒன்று வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அலகு கல்லில் நின்ற கணத்தில் அந்தக் குறுக்குப் பிடி உங்கள் விலாவில் இடிக்கும். எனக்கு இரண்டு கிழமை மூச்சு எடுக்க நோவு.

சில்லின் ரியூப்பைக் கழற்றிவிட்டு, பழைய ரயர் கீலங்களை உள்ளே இறுக்கி அடையுங்கள். உடைமுள் குத்தும் பயம் போய்விடும்.

9. தோட்டத்தில் திருத்துங்கள்

நீர் இறைத்த இரண்டாம் நாள், மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதத்தில் ஓட்டுங்கள். ஆழம் 2, 3 செ.மீ. போதும், களையின் கழுத்தை அறுத்தால் சரி. நீளமாகத் தள்ளாமல் ஒரு முழம் தள்ளி, சற்று இழுத்து, திரும்பத் தள்ளுங்கள். களை இரண்டு இலை விட்ட நிலையில் இருக்கும்போது என் இரண்டு பரப்பு (ஏக்கரில் எட்டிலொரு பங்கு) மிளகாயை ஒரு காலைப்பொழுதில் முடிக்கிறேன். முழங்கால் உயரம் வளரவிட்ட களைக்கும் கோரைக் கிழங்குக்கும் இது உதவாது, அதற்கு மண்வெட்டிதான்.

முதல் நாள் ஓட்டியபின் எல்லா நட்டையும் திரும்ப இறுக்குங்கள். ஒட்டுக்களைச் சுற்றி மயிர்க்கோடு போல வெடிப்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால் மேலே இன்னொரு ஒட்டுப் போடாமல், கீறிச் சுத்தம் செய்து திரும்ப ஒட்டுங்கள்.

எல்லாம் சரியான பிறகுதான் பெயின்ற். அலகைத் தவிர மற்றதற்குக் கறள் தடுப்புப் பூச்சு இரண்டு முறை. அலகுக்கு வேலை முடிந்ததும் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய். கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்ற வேண்டாம். எங்கள் நிலத்தின் அடி சுண்ணாம்புக்கல், ஊற்றியது கிணற்றுக்கே போகும். சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

10. செலவு

2024 இல் நான் கொடுத்தவை. உங்கள் கடையில் விலை வேறாக இருக்கும், எதற்கு எவ்வளவு பங்கு போகிறது என்பதைப் பாருங்கள்.

கருவிக்கு: இரும்பு 8 கிலோ 1,440 ரூபா, சில்லு 1,500, ஸ்பிரிங் பட்டை 700, போல்ட் நட் 900, ரொட் இரண்டு கிலோ 2,400, வெட்டும் தீட்டும் சக்கரங்கள் 1,500, கொல்லர் கூலி 1,000, பூச்சு 1,200. மொத்தம் 10,640 ரூபா.

உபகரணத்துக்கு: பிளான்ட் 27,000, கிரைண்டர் 9,000, ஹெல்மெட் 4,500, கையுறையும் கண்ணாடியும் 1,500. மொத்தம் 42,000 ரூபா. டிரில் இரவல்.

ஒரே ஒரு கருவிதான் வேண்டும் என்றால் இந்த 42,000 ஐச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அளந்து, வெட்டி, துளை போட்டு, சுத்தமாகத் தீட்டி, பொருத்திப் பார்த்து, ஊர் வெல்டிங் கடைக்குக் கொண்டு போங்கள். நான்கு மூட்டு ஒட்ட ஒரு மணித்தியாலம் போதும். தீட்டாமல் கொண்டு போனால் அந்தத் தீட்டும் நேரத்துக்கும் நீங்கள்தான் கூலி கொடுக்கிறீர்கள். நீர்க்குழாய் தாங்கி, கேற், உழவு இயந்திரத்துக்குப் பின் கொழுவும் வரம்பு கட்டி என்று வருடம் முழுக்க வேலை இருப்பவருக்குத்தான் பிளான்ட் பெறுமதி.

11. மற்றவருக்கும் செய்து விற்கத் தொடங்கினால்

சொந்தத் தோட்டத்துக்குச் செய்யும் வரை கடதாசி வேலை பெரிதாக இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு கேட்டு, பிறகு பத்து கேட்டால் நிலைமை மாறும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பிரதேச சபையில் வியாபார உரிமமும் சுற்றாடல் உரிமம் தேவையா என்ற விசாரணையும், மின்சார அலுவலகத்தில் வீட்டுப் பாவனைக் கட்டணத்திலிருந்து தொழிலுக்கான கட்டணத்துக்கு மாற்றம். போகும்போது அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, கடைசி மின்கட்டணச் சீட்டு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் நான்கையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு போங்கள். நான் ஒவ்வொன்றாய்க் கொண்டு போய் மூன்று நாள் தோட்ட வேலையை இழந்தேன். கிரைண்டர் சத்தம் பற்றி அயலவரிடம் முன்னரே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். முறைப்பாடு போனபிறகு பேசுவது கடினம்.

உழவு இயந்திரப் பெட்டி செய்து தரச் சொல்லிக் கட்டாயம் யாராவது வருவார்கள். வீதியில் ஓடும் பெட்டிக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவு வேண்டும். அதோடு அதில் ஆட்களும் ஏறுவார்கள். அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

சான்றிதழ் வேண்டுமென்றால் தொழிற்பயிற்சி அதிகார சபையும் நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் காய்ச்சி இணைப்பவருக்கு, அதாவது வெல்டருக்கு, தேசிய தொழிற் தகைமைப் பயிற்சி நடத்துகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. ஏற்கெனவே கைவேலை தெரிந்தவர் முழுப் பயிற்சிக்குப் போகாமல் முன்கற்றலை மதிப்பிடும் முறையில் விண்ணப்பிக்கலாம். அதற்கு நீங்கள் செய்த வேலைகளின் ஆதாரம் கேட்பார்கள். ஆகவே முதல் கருவியிலிருந்தே திகதியோடு படம் எடுத்து வையுங்கள், உடைந்ததையும் சேர்த்து.